எதிர்பார்ப்பு எண்: முப்பத்திரண்டு

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்:

1. திருமதி சுபத்ரா, கணிப்புப் பிரிவு அலுவலர்.
2. திருமதி அல்போன்சா, தலைமையாசிரியை, அரசு தொடக்கப் பள்ளி, கல்லுக்குழி மறுகுடியமர்வு.
3. திரு. தணிகாசலம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்.
4. டில்லிபாபு, மாணவியின் தந்தை. தொழில்: கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்குதல்.
5. பவுனு, தாய். கைக்குழந்தையுடன்.
6. நர்மதா, ஐந்தாம் வகுப்பு மாணவி. எதிர்பார்ப்பு எண் 32.
7. பள்ளியின் இரவுக் காவலர். சாட்சி.

ஏழாவது ஆள் நான். என் வேலை காலை எட்டு மணியோடு முடியும். அன்று மேலும் இருக்கச் சொன்னார்கள். விசாரணைத் தாள்களில் ஆசிரியர் அல்லாத ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சமையல் ஆயாவுக்கு எழுத வராது. எனக்கு வரும். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன் என்றாலும் அதுவரை படித்தது போய்விடவில்லை.

பட்டியலில் இல்லாத ஒருத்தி சத்துணவு சாமான் அறையில் இருந்தாள். பெயர் பிங்கி. பத்து வயது. அந்த அறையின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பிங்கியின் அப்பா ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். பள்ளிக்குப் பின்னால் எழும்பும் பதினாறு மாடிக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறார். எண் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாது. எண் போட வேண்டுமானால் குடும்பத்தைப் பற்றி நாற்பத்து மூன்று விவரங்கள் வேண்டும். பிங்கியிடம் ஆறு இருந்தன. அல்போன்சா டீச்சர் சேர்க்கவுமில்லை, விரட்டவுமில்லை. உட்கார் என்றார். இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வுக்கு ஆள் வந்தால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்துப் பூட்டுவது வழக்கம். மாட்டினால் பதிவு இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். சொந்த மாநிலத்திலிருந்து விவரம் வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். ஏழாம் பிளாக்கிலிருந்து போன வருடம் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். விவரம் இன்னும் வரவில்லை.

டில்லிபாபு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். மகளுக்குப் புது ஷூ. வகுப்பறைக்குள் நுழைந்ததும் சுற்றிலும் பார்த்தான்.

"இன்னா மேடம், போட்டோ புடிக்கிறவரு யாரும் வரலியா?"

"உக்காருங்க" என்றார் சுபத்ரா. "இது பரிசளிப்பு இல்ல. விசாரணை."

"எம் பொண்ணு தொண்ணூத்திரண்டு எடுத்துகீது. அதுக்கு இன்னாத்துக்கு விசாரணை?"

"அதுக்குத்தான்."

டில்லிபாபு சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

சுபத்ரா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையைப் பார்த்து விரலை ஆட்டினார். பவுனுவுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார். பிறகு, புரியாதவர்களுக்குப் புரிய வைத்துப் பழகிய குரலில் ஆரம்பித்தார்.

"எட்டு வருஷமா இங்க யாரும் பரீட்சை எழுதறதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"மார்க் சீட்டு வருதே."

"அது கணிப்பு. அப்பா என்ன வேலை, அம்மா எதுவரைக்கும் படிச்சாங்க, எந்த பிளாக், எந்த மாடி, வீட்ல எத்தனை பேர், அக்கா அண்ணன் என்ன மார்க், இப்படி நாப்பத்து மூணு விஷயம். அதைப் போட்டா இந்தப் பிள்ளை இவ்வளவுதான் எடுக்கும்னு வந்துடும். நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா வருது. அப்புறம் எதுக்குப் பச்சைப் பிள்ளைங்களை பயமுறுத்தி எழுத வைக்கணும்? அந்த எண்ணையே மார்க்கா போட்டுடறோம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பத்துப் பேரை மட்டும் நிஜமா எழுத வச்சு சரிபார்ப்போம். ஆகஸ்ட்ல பார்த்தோம். ஒன்பது பேர் சரியா வந்தாங்க. உங்க பொண்ணு முப்பத்திரண்டு வரணும். தொண்ணூத்திரண்டு வந்திருக்கு."

"நல்லா படிச்சிருக்கும்."

"அப்படி வராதுங்க."

பவுனு குறுக்கிட்டாள். "அப்ப எம் பொண்ணு முப்பத்திரண்டுதான்னு பொறக்கும்போதே எழுதிட்டீங்களாம்மா?"

"அவளுக்கு அஞ்சு வயசுல போட்டது. இப்பதான் பொறந்த உடனே போடறோம்." குழந்தையைப் பார்த்தார். "இவனுக்கும் வந்திருக்குமே. முப்பது."

"அதென்ன இவனுக்கு ரெண்டு கம்மி?"

"அக்காவுக்கு முப்பத்திரண்டு இல்லியா, அதனால."

அக்காவின் எண்ணும் கணிப்புதான். அதற்கு முந்தைய எண்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடையவை, அவையும் கணிப்பு. கல்லுக்குழியில் கடைசியாக எந்தப் பிள்ளை நிஜமாக எழுதி வாங்கிய எண்ணிலிருந்து இந்தச் சரிவு தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பள்ளியின் சராசரி முப்பத்தாறு. நாற்பதுக்குக் கீழே உள்ள பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்தொன்று இருந்தது. கணக்கு ஆசிரியரும் இருந்தார்.

"இங்க பாருங்க" என்றார் சுபத்ரா. "ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். மார்க் பொய்யா இருக்கணும், இல்லன்னா வீடு பொய்யா இருக்கணும்."

"வீடு எப்டி பொய்யாவும்?"

"நீங்க குடுத்த விவரம். சாக்கடை வேலைன்னு சொல்லியிருக்கீங்க. அஞ்சாவதுதான் படிச்சேன்னு சொல்லியிருக்கீங்க. அந்த விவரத்துலதான் உங்களுக்கு இங்க வீடு ஒதுக்கினாங்க. தொண்ணூத்திரண்டு எடுக்கற பிள்ளை அந்த வீட்ல இருக்காது. இன்னிக்கு நர்மதா மறுபடி எழுதட்டும். இருபத்தஞ்சு கேள்வி, கேள்விக்கு நாலு மார்க். முப்பத்திரண்டு பக்கத்துல வந்தா உங்க வீட்டு விவரம் சரி, தப்பு பள்ளிக்கூடத்து மேல. தொண்ணூறு பக்கத்துல வந்தா விவரம் பொய். ஒதுக்கீடு ரத்தாகும்."

டில்லிபாபு தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தான். நகங்களே இல்லாத விரல்கள் மூன்று. "இது பொய்யா மேடம்? மோந்து பாருங்க. எத்தினி சோப்பு போட்டாலும் போவாது."

"நான் நம்பறேன். மெஷின் நம்பணுமே."

தணிகாசலம் சார் சன்னல் வழியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை.

ஆகஸ்ட்டில் நடந்தது இதுதான். மாதிரித் தேர்வுக்கான பத்துப் பெயர்களில் நர்மதாவும் ஒன்று. அன்று அவள் வரவில்லை. பத்து இருக்கையும் நிரம்பாவிட்டால் பள்ளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவார்கள். தணிகாசலம் சார் இருபத்தாறு வருடமாகச் செய்து வந்ததைச் செய்தார். அந்தக் காலத்தில் ஆய்வாளர் வந்தால் வராத பிள்ளையின் இடத்தில் வேறு பிள்ளையை உட்கார வைத்து, அந்தப் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்ல வைப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் உண்டு. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. மற்ற பிள்ளைகள் வேறு அறைகளில் எண்ணப்பட்டுவிட்டார்கள். எண்ணப்படாத ஒரே தலை பிங்கி. நர்மதாவின் இருக்கையில் அவளை உட்கார வைத்தார். வேற்று மொழிப் பிள்ளை, பாதியை விட்டுவிடும், முப்பதைத் தாண்டாது என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். அவரும் ஒரு கணிப்புப் போட்டிருக்கிறார்.

அக்டோபரில் மார்க் வந்தது. டில்லிபாபு பிளாக் முழுக்கச் சாக்லேட் கொடுத்தான். எனக்கும் இரண்டு. நர்மதா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, நான் வேலைக்கு வரும்போதெல்லாம் பின் வராந்தா தரையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். பின்னங்கள், பரப்பளவு, நீள வகுத்தல். இரண்டு கையெழுத்து. ஒன்று கேள்வி கேட்கும், மற்றது பதில் போடும். முதலில் பதில் எல்லாம் தப்பாக இருந்தன. டிசம்பருக்குள் தப்பு குறைந்துவிட்டது. அப்பா கொடுத்த சாக்லேட்டுக்கு நிஜமாகவே ஒரு தொண்ணூற்றிரண்டு எடுத்துக் காட்ட நினைத்திருப்பாள். நான் கேட்கவில்லை. காலையில் பெருக்குகிற அம்மாவிடம் மட்டும் அந்தப் பக்கம் கடைசியாகப் பெருக்கச் சொன்னேன்.

நர்மதாவைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். பவுனு குழந்தையை டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டு, மகளின் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"கண்ணு, வூடு போய்டும்டி. புரியுதா?"

நர்மதா தலையாட்டினாள்.

"நல்லா எழுது நர்மதா!" என்றான் டில்லிபாபு. அவனுக்குக் கோபம் ஏறியிருந்தது. "யாருன்னு காட்டு இவுங்களுக்கு!"

"யோவ், சும்மா இருய்யா" என்றாள் பவுனு.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு ரப்பரை எடுத்தாள். அழித்தாள், ஊதினாள், மறுபடி எழுதினாள். கடைசி இருபது நிமிடமும் அதுதான். புது ஷூவின் மேலெல்லாம் ரப்பர்த் துகள்.

சுபத்ரா தாளைக் கருவியில் வைத்தார். அது எண்ணைக் காட்டியது.

"முப்பத்திரண்டு. அப்படியே முப்பத்திரண்டு!" உண்மையிலேயே மகிழ்ந்தார். கருவியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பார்த்தீங்களா? ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல."

எட்டுக் கேள்வி சரி, பதினேழு தப்பு. முப்பத்திரண்டை நாலால் வகுக்கத் தெரிந்த பிள்ளை.

பவுனு மூச்சை விட்டாள். டில்லிபாபு மகளைப் பார்த்தான். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்ப மார்க்தான் பொய்" என்றார் சுபத்ரா. "யாரோ பார்த்து எழுத விட்டிருக்காங்க. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி தேர்வு அறையில யார் இருந்தது?"

"ஆகஸ்ட்டா?" என்றாள் பவுனு. வீடு தப்பிய நிம்மதியில் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. "ஆவணி ஞாயிறுக்கு அடுத்த நாளா? அன்னிக்கு இது இஸ்கூலுக்கே வரலியேம்மா. கொழந்தைக்கு ஜுரம், நான் வேலைக்குப் போயே ஆவணும், இதுதான் வூட்ல கொழந்தைய வச்சிட்டிருந்தது. இவரு அஞ்சு மணிக்கே கெளம்பிப் போயிட்டாரு, இவருக்குத் தெரியாது."

தணிகாசலம் சாரின் முகம் சுண்ணாம்பு நிறமானது.

டில்லிபாபு மெதுவாகக் கேட்டான். "அப்ப அத நீ எழுதவே இல்லியா?"

நர்மதா ஷூவின் மேலிருந்த துகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பிளாக் பூரா சொன்னேனேடி."

சுபத்ரா திரையில் எதையோ தேடினார். "அன்னிக்கு வாசல் கருவி எண்ணினதுல ஸ்டாஃபைக் கழிச்சா நூத்திப் பதினாலு தலை. பள்ளியில மொத்தப் பிள்ளைங்க நூத்திப் பதினாலு. நர்மதா வரலன்னா நூத்திப் பதிமூணுதான் இருக்கணும்." நிமிர்ந்தார். "நூத்திப் பதினாலாவது தலை யாரோடது?"

பிள்ளைகளின் முகத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்தது. அதனால் தலையை மட்டும் எண்ணுகிறார்கள். மற்ற நாட்களில் குறைந்தது பத்துப் பேர் வராமல் இருப்பார்கள். பிங்கி அந்தக் குறைவுக்குள் மறைந்துகொள்வாள். தேர்வு நாளில் எல்லாரையும் வரவழைத்ததில்தான் அவள் தெரிந்துவிட்டாள்.

"பதிவு இல்லாத பிள்ளை யாராவது இங்க இருக்கா மேடம்?"

"இல்ல" என்றார் அல்போன்சா டீச்சர்.

"சார்?"

தணிகாசலம் சாருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் கண் ஒரு கணம் வராந்தாவின் கடைசிக்குப் போய் வந்தது. சுபத்ரா அதைப் பார்த்துவிட்டார்.

"அது என்ன ரூம்?"

"சாமான் அறை" என்றேன் நான். "அரிசி மூட்டை."

"தொறங்க."

சட்டைப் பைக்குள் கையை விட்டேன். சாவி கையில் பட்டது. அதை எடுக்காமலிருக்க என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்திருப்பேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நான்தான் எழுதினேன்" என்றார் அல்போன்சா டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தத் தாளை நான்தான் எழுதினேன். நர்மதா வரல. ஒரு தாள் குறைஞ்சா கேள்வி வரும். தாளை எடுத்துட்டுப் போய் என் அறையில உக்காந்து எழுதி, கட்டுல சேர்த்துட்டேன்."

"எதுக்கு?"

"கணக்கு டீச்சர் வேணும். சராசரி நாப்பது வந்தாத்தான் தருவேன்னு சொல்றீங்க. எங்கேயாவது ஆரம்பிக்கணுமில்ல?"

"ஒரு பிள்ளை மார்க்ல சராசரி ஏறாதே மேடம்."

"எனக்குத்தான் கணக்கு வராதே. அதனாலதானே டீச்சர் கேக்கறேன்."

பவுனு களுக்கென்று சிரித்து, உடனே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"வாசல்ல நூத்திப் பதினாலு?"

"நான் ரெண்டு தடவை உள்ள வந்தேன். வண்டியில கண்ணாடியை விட்டுட்டு திரும்பப் போனேன். உங்க மெஷினுக்குப் பெரிய தலை சின்னத் தலை தெரியுமா?"

"கையெழுத்து?"

"இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்களுக்குக் கை பிடிச்சு எழுத வச்சிருக்கேன். அவங்களை மாதிரி எழுத வராதா எனக்கு?"

சுபத்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்புவதில் வசதி இருந்தது. மெஷின் சரி, குடும்பம் சரி, தப்பு ஒரு மனுஷி. கட்டத்தில் நிரப்ப ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

"இதுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"சொல்லுங்க. மத்தவங்களும் கேக்கட்டும்."

"இன்னியிலிருந்து உங்களைப் பணி நீக்கம் பண்றோம். பள்ளியோட சான்று ரத்து. திங்கக்கிழமை இது திறக்காது. பிள்ளைங்களை நெடுஞ்சாலை தாண்டி இருக்கற பள்ளியில சேர்த்துக்குவாங்க."

அந்தப் பள்ளி ஏழு கிலோமீட்டர். நடக்கிற பிள்ளைகளில் பாதி போகாது. எந்தப் பாதி என்று மெஷினைக் கேட்டால் சொல்லும்.

தணிகாசலம் சார் வாயைத் திறந்தார். அல்போன்சா டீச்சர் அவர் பக்கம் திரும்பாமலேயே, "சார், நீங்க போய் மணி அடிச்சிடுங்க" என்றார். அவர் எழுந்து போய் அடித்தார். பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டியது, மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு தாள்களையும் என் முன் வைத்தார் சுபத்ரா. நர்மதா இன்று எழுதியதும், ஆகஸ்ட் தாளும். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

நர்மதாவின் தாளில் அழித்த தடம் அப்படியே தெரிந்தது. பதினேழு இடத்தில் தப்பு விடைக்கு அடியில் சரியான விடை. எனக்குத் தெரிந்த வரைக்கும் எல்லாம் சரி.

ஆகஸ்ட் தாளில் இருபத்துமூன்று விடைக்குப் பக்கத்தில் பச்சைக் குறி. கடைசி இரண்டில் மட்டும் சிவப்பு. அந்த இரண்டும் கணக்கோ அறிவியலோ இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் பற்றி எழுது. அப்பாவின் வேலையைப் பற்றி எழுது. இவற்றை மெஷின் குடும்ப விவரத்தோடு ஒப்பிட்டு மார்க் போடும்.

'நான் தகரக் கொட்டகையிலிருந்து கிளம்பி, மணல் குவியலைச் சுற்றி, கிரேனுக்குக் கீழே நிற்காமல் ஓடி, கட்டட வேலியில் உள்ள ஓட்டை வழியாகத் தெருவுக்கு வந்து, பள்ளி வாசலில் நுழைவேன்.'

'என் அப்பா பதினான்காவது மாடியில் கம்பி கட்டுகிறார். வகுப்பிலிருந்து பார்த்தால் என் அப்பா தெரிவார். அவருக்கு நான் தெரிய மாட்டேன்.'

நர்மதாவின் வீடு நான்காம் பிளாக்கில். அவள் அப்பா உயரே ஏறுகிறவர் இல்லை, பள்ளத்தில் இறங்குகிறவர். நூற்றுப் பதினாலாவது தலை யாருடையது என்று அந்தத் தாளிலேயே நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. ஐந்து மாதமாகத் துறையில் எத்தனையோ மேசைகளைத் தாண்டி வந்த தாள். எல்லோரும் எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். சுபத்ரா வந்து உறையில் போட்டு ஒட்டினார்.

"பிள்ளைங்க எல்லாரும் வீட்டுக்குப் போனதும் மெயின் கேட்டைப் பூட்டிடுங்க. சாவியைத் திங்கக்கிழமை ஆபீஸ்ல குடுங்க" என்றார்.

அவர் ஜீப் போனது. அல்போன்சா டீச்சர் பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்க்காமல், பின்பக்கமாகப் போனார். டில்லிபாபு குடும்பம் மைதானத்தைத் தாண்டிப் போனது. அவன் முன்னால், மகள் பத்தடி பின்னால். வாசலில் அவன் நின்றான். அவள் வந்து சேர்ந்ததும் குனிந்து அவள் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டான். "வுடு" என்றான். "முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டு." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, தாயைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மைதானம் காலியானதும் போய்ச் சாமான் அறையைத் திறந்தேன். பிங்கி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் அரிசித் தூசு.

"வாட்ச்மேன் அண்ணா, நர்மதா எவ்வளவு எடுத்தா?"

"முப்பத்திரண்டு."

"பொய். நேத்து நான் வச்ச டெஸ்ட்ல அவ இருபத்துநாலு கேள்வி சரியா போட்டா."

"தெரியும்."

அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பாதியில் நின்றாள்.

"நான் எழுதினதுல ரெண்டு தப்புன்னு சார் சொன்னாரு. எதுன்னு சொல்லவே மாட்டேங்கறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"வழியும் அப்பாவும்."

"அது எப்படித் தப்பாகும்? நான் சரியாத்தானே எழுதினேன்?"

"சரியாத்தான் எழுதியிருந்த."

அது போதுமாக இருந்தது அவளுக்கு. முகம் தெளிந்துவிட்டது. வாசலைத் தாண்டிக் குதித்தாள். தலை எண்ணும் கருவி ஒரு முறை சிணுங்கியது. வெளியே நின்று திரும்பினாள்.

"நாளைக்கு நான் எந்த அறையில உக்காரணும்?"

"நாளைக்கு சனிக்கிழமை."

"ஆமால்ல" என்றாள். மணல் குவியல் பக்கமாக ஓடினாள். கிரேனுக்குக் கீழே நிற்கவில்லை.

கதவை இழுத்துச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.